மிதியும் பாதமும்

வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் தலையிலிருந்தே தொடங்குகின்றனர். முடி சூடிய தலை, முடி இழந்த தலை, ஆணை பிறப்பித்த தலை ஆகியவற்றைப் பற்றி ஏடுகள் நிறைய உண்டு. பாதத்தைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. ஆயினும் ஒரு மக்கட்கூட்டம் எங்கிருந்து புறப்பட்டது, எவ்வழியே நடந்தது, எந்த மண்ணில் நிலைத்தது என்பனவற்றை முதலில் அறிந்தது பாதமே ஆகும்.

கெடா மாநிலத்தைத் தமிழர் கடாரம் என்ற பெயரால் அறிவர். 1025ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தின்மீது சென்றதைக் கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. அதற்கு ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், அதே மண்ணுக்கு இரப்பர் மரம் வெட்ட வந்த பல்லாயிரம் தமிழரின் கால்தடங்களை எந்தக் கல்லும் பதியவில்லை. அவர்களுடைய கால்கள் தொட்ட பொருள்களைக் கொண்டுதான் அந்த வரலாற்றை மீட்க வேண்டியிருக்கிறது. அத்தகைய பொருள்களுள் ஒன்று மிதிவண்டியின் மிதி. மக்கள் பேச்சில் பெடல் என்றும் பெடல் கட்டை என்றும் வழங்குவது அதுவே. உள்ளங்கை அளவேயான இச்சிறு கட்டையின் வடிவம் எவ்வாறு மாறிற்று, ஒவ்வொரு வடிவமும் காலுக்கு எத்தகைய உணர்வைத் தந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது, பயனுள்ள வரலாற்று ஆய்வாக அமையும்.

மூன்று எல்லைகள் கூடும் ஊர்

கெடாவின் தென்கோடியில் அமைந்த மாவட்டம் பண்டார் பாரு. தெற்கே கிரியான் ஆறு ஓடுகிறது. ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தார் நகரம். மேற்கே பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்த நிபோங் திபால். வடக்கே கூலிம் மாவட்டம். மூன்று மாநில எல்லைகள் கூடும் இந்நிலப்பகுதியில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்வதே சில வேளைகளில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குச் செல்வதாக அமையும். ஆற்றின் மறுகரையில் 1906இல் நிறைவுற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் பயனாக நெல்வயல்கள் விரிந்தன. இக்கரையில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பிற்காலத்தில் அவற்றிற் பெரும்பகுதி செம்பனைக்கு இடம் விட்டது.

இத்தகைய நிலத்தில் தோட்டத்து லயத்திற்கும் நகரத்துக் கடைத்தெருவுக்கும் இடையே இருந்தது பெரும்பாலும் செம்மண் சாலை. வெயிற்காலத்தில் புழுதி; மழைக்காலத்தில் சேறு. கால்நடையாகச் சென்றால் அரைநாள் கழியும். பேருந்து தோட்டத்தின் உட்புறத்திற்கு வருவதில்லை. கங்காணியும் கிராணியும் அன்றிப் பாட்டாளியும் தன் உழைப்பால் வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ளக்கூடிய முதல் ஊர்தியாக மிதிவண்டி வந்தது. அவ்வண்டியில் கைக்குப் பிடி உண்டு. உடலுக்கு இருக்கை உண்டு. காலுக்கு மிதி உண்டு. இம்மூன்றனுள் உழைப்பு முழுவதும் வண்டிக்குள் புகும் வாயில் மிதி ஒன்றே.

காலை நிலத்திலிருந்து தூக்கிய புரட்சி

மிதிவண்டியின் முன்னோடிக்கு மிதியே இருக்கவில்லை. 1817ஆம் ஆண்டு செருமானிய நாட்டின் மான்கைம் நகரில் கார்ல் வான் டிரைசு என்பார் இரு சக்கரங்களை ஒரு மரச்சட்டத்தில் பொருத்தி, அதன்மேல் அமர்ந்து, கால்களால் தரையை உந்தி ஓட்டினார். அது ஓடும் வண்டி. ஆனால் கால் நிலத்தை விட்டு நீங்கவில்லை. பாதம் தரையை விட்டு எழுந்து, ஒரு கட்டையின்மேல் நின்று சுழலத் தொடங்கியது 1860களில் பாரிசு நகரில்தான். பியேர் மிசோ, அவர் மகன் எர்னசுட், பியேர் லாலமான் ஆகியோருள் முதன்மை யாருக்கு உரியது என்பதில் வரலாற்றறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. லாலமான் அமெரிக்காவில் 1866இல் காப்புரிமை பெற்றார் என்பது மட்டும் ஐயத்திற்கு இடமற்றது.

அக்கால மிதிகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே நேரடியாகப் பூட்டப்பட்டிருந்தன. சில நூற்கண்டுக் கட்டையைப் போல் உருண்டிருந்தன. சில முப்பட்டையாக இருந்தன. முப்பட்டையாக இருந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தட்டையான முகம் காலுக்குக் கிடைக்கும் என்பது அவ்வடிவத்தின் நோக்கம். காலுக்கு எந்த முகத்தைக் காட்டுவது என்ற கேள்வி மிதியின் பிறப்போடு பிறந்த கேள்வி என்பது இதனால் விளங்கும்.

மிதியை ஒரு முறை சுற்றினால் சக்கரமும் ஒரு முறையே சுற்றும் என்ற நிலையில், விரைவு வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதே வழியாயிற்று. ஆகவே 1870களில் ஆள் உயரத்தை எட்டும் முன்சக்கர வண்டிகள் தோன்றின. அவற்றிலிருந்து விழுந்தவர் தலைகுப்புற விழுந்தனர். இங்கிலாந்தின் கவன்றி நகரில் ஜான் கெம்பு சுடார்லி 1885இல் உருவாக்கிய ரோவர் வண்டி இத்துன்பத்தை நீக்கியது. சங்கிலியும் பல்சக்கரமும் மிதியின் சுழற்சியைப் பின்சக்கரத்திற்குக் கொண்டு சென்றன. இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாயின. மிதி தரைக்கு அருகே இறங்கி வந்தது. கால் எட்டினால் ஊன்றிக்கொள்ளலாம் என்ற அச்சமின்மையே மிதிவண்டியைப் பொதுமக்களின் ஊர்தியாக்கியது.

மிதிக்குள் இருக்கும் நுட்பம்

மிதியின் உட்புறம் எளியதாயினும் நுட்பம் மிக்கது. சுழற்றுத்தண்டில் திருகப்பட்ட அச்சு அதன் நடுவே செல்கிறது. அச்சைச் சுற்றி எஃகுக் குண்டுகள் உருளுகின்றன. 1869ஆம் ஆண்டு நவம்பரில் பாரிசிலிருந்து ரூவான் நகர் வரை நடந்த போட்டியில் வென்ற ஜேம்சு மூரின் வண்டியில் இத்தகைய குண்டுத் தாங்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவை இல்லையேல் கால் உராய்வோடு போரிட்டே களைத்துவிடும்.

வலப்புற மிதியின் மரை வழக்கம்போல் வலஞ்சுழியாகவும், இடப்புற மிதியின் மரை இடஞ்சுழியாகவும் அமைந்திருக்கும். கால் அழுத்தும் திசை அச்சைச் சுற்றி மாறிக்கொண்டே இருப்பதால், அச்சு தன் மரையில் மெல்ல மெல்ல நகர முயலும். அந்நகர்வு திருகை இறுக்கும் பக்கமாக அமைய வேண்டும் என்பதற்காகவே இவ்வேறுபாடு. சாவியை மேல்நோக்கி நிறுத்திப் பிடித்து வண்டியின் பின்புறம் நோக்கித் தள்ளினால் இரண்டும் கழலும் என்பது மிதிவண்டி பழுதுபார்ப்போர் பாடமாக வைத்திருக்கும் எளிய விதி. இதை அறியாமல் இடப்புற மிதியை முரட்டுத்தனமாகத் திருகி மரையைக் கெடுத்தவர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு.

இரப்பர் வந்த வழி

மிதிவண்டிக்கும் மலாயாத் தமிழர்க்கும் உள்ள உறவு, தமிழர் மிதிவண்டியில் ஏறுவதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. இரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் உருகாது, குளிரில் வெடிக்காது என்பதை 1839இல் சார்லசு குட்இயர் கண்டார். 1845இலேயே காற்றடைத்த சக்கரத்திற்கு இராபர்ட்டு தாம்சன் காப்புரிமை பெற்றிருந்தும் அது வழக்கில் நிலைக்கவில்லை. 1888இல் பெல்பாசுட்டு நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓட வேண்டும் என்று காற்றடைத்த இரப்பர்ச் சக்கரத்தைச் செய்து காப்புரிமை பெற்றபோதுதான் அது உலகை மாற்றியது. ஒரு தந்தை தம் மகனின் வசதிக்காகச் செய்த சிறு முயற்சி, வேறொரு கண்டத்தின் தந்தையரையும் மக்களையும் கடல் கடக்க வைத்தது.

1890களின் மிதிவண்டி மோகம் இரப்பரின் தேவையைத் திடீரெனப் பெருக்கியது. அத்தேவையை நிறைவு செய்யக் காங்கோ நாட்டுக் காடுகளில் பெல்சிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆட்சியில் மக்கள் கொடுமைப்படுத்தப்பட்டனர். கைகள் வெட்டப்பட்ட மனிதர்களின் நிழற்படங்கள் உலகின் மனச்சான்றை உலுக்கின. அதே காலத்தில் ஆசியாவில் தோட்ட முறை வளர்ந்தது. 1876இல் என்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். முளைத்தவை சிலவே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுட் சில பேராக்கின் கோல கங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற என்றி நிக்கலசு இரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் இரப்பரை வாணிபப் பயிராக நட்டார். மோட்டார் வண்டியின் பெருக்கம் இத்தேவையைப் பன்மடங்காக்கியது. ஆயினும் கதவை முதலில் தட்டியது மிதிவண்டியே.

1909ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாங்காக்கில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரித்தானியரின் மேலாண்மைக்கு மாறியது. பின்னர்க் கூலிம், சுங்கை பட்டாணி, பண்டார் பாரு ஆகிய தென்பகுதிகளில் தோட்டங்கள் பெருகின. 1907இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதியும், கங்காணி முறையும், 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தமையும் வருகையின் தன்மையை மாற்றின. இந்திய அரசு 1938இல் உதவி பெற்ற குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை கப்பல்கள் வந்துகொண்டேயிருந்தன.

விடியற்காலை பிரட்டுக்கு எழுந்து, உளியை எடுத்துக்கொண்டு, நிரையில் நுழைந்து, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளிகளிற் சேர்த்து, காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தவர் பாட்டாளி. அப்பால் உறைந்து, தகடாகிப் புகையூட்டப்பெற்று, கப்பலேறி, பர்மிங்காமிலும் கவன்றியிலும் நாட்டிங்காமிலும் இருந்த தொழிற்சாலைகளை அடைந்தது. அங்கே அது சக்கரமாயிற்று, தடைக்கட்டையாயிற்று, மிதியின் மேற்கட்டையுமாயிற்று. பின்னர் ராலே, அம்பர், பி.எஸ்.ஏ., எர்க்குலிசு என்ற பெயர்கள் பொறித்த வண்டிகளாகி, அது மீண்டும் மலாயாவுக்கே வந்து சேர்ந்தது. தான் வடித்த பாலின்மேல் தன் பாதத்தை வைத்து ஓட்டிய மனிதரைப் பற்றி எந்த விளம்பரத் தாளும் குறிப்பிடவில்லை.

இரப்பர்க் கட்டையும் எலிப்பொறியும்

ஆங்கிலேய வண்டிகளில் வந்த மிதிகள் இருவகையின. முதல் வகை, எஃகுச் சட்டத்தில் முன்னும் பின்னுமாக இரு இரப்பர்க் கட்டைகள் பொருத்தப்பட்டது. இரண்டாம் வகை, இருபுறமும் பற்கள் வெட்டப்பட்ட எஃகுத் தகடுகளால் ஆனது. அதன் தோற்றம் கண்டு ஆங்கிலேயர் அதனை எலிப்பொறி என்று அழைத்தனர். விரைவோட்டக்காரர் எலிப்பொறியை விரும்பினர். தோற்காலணியின் அடியை அப்பற்கள் கவ்விப் பிடிக்கும், எடையும் குறைவு. அன்றாடப் பயணத்திற்கு இரப்பர்க் கட்டையே ஏற்றதாயிற்று.

இவ்விரண்டும் காலணி அணிந்த காலை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. தோட்டத்துக் காலோ பெரும்பாலும் வெறுங்கால். அன்றேல் மெல்லிய செருப்பு அணிந்த கால். எலிப்பொறி மிதி வெறுங்காலுக்குத் தண்டனை. நெடுந்தொலைவு மிதித்தால் பற்களின் தடம் உள்ளங்காலில் பதியும். இரப்பர்க் கட்டை அவ்வாறன்று. அது காலின் சூட்டை ஏற்கும், அதிர்வைத் தணிக்கும், பாதத்தை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ள இடம் கொடுக்கும். புதிதாக இருக்கும்போது அதன்மேல் வரிவரியாகப் பள்ளங்கள் உண்டு. நாளடைவில் அவை தேய்ந்து வழுவழுப்பாகும். மழை நாளில், சேறு படிந்த பாதத்தோடு, தேய்ந்த கட்டையின்மேல் ஏறியவர்க்கு வழுக்கல் உறுதி. கட்டை முழுதும் தேய்ந்து உதிர்ந்த பின்னரும், எஞ்சிய இரும்புத் தண்டின்மேலேயே காலை வைத்து மிதித்தவர் உண்டு.

வண்டியின் பின்புறத் தட்டில் பாற்கலமோ அரிசி மூட்டையோ பள்ளிக்குச் செல்லும் பிள்ளையோ இருக்கும்போது, ஓட்டுநருக்கு வேண்டியது விரைவு அன்று. தடுமாறும் கணத்தில் காலை உடனே தரையில் ஊன்றும் உரிமை. இரப்பர்க் கட்டை அவ்வுரிமையைக் கொடுத்தது. காலை வாரால் கட்டும் மிதிகள் அப்போதே போட்டிகளில் வழங்கின. எனினும் சுமை ஏற்றிய மனிதர் எவரும் அவற்றை நாடாமைக்குக் காரணம் இதுவே.

தோட்டத்துக்கு வெளியுலகைக் கொணர்ந்ததும் இம்மிதிகளே. ரொட்டி விற்பவர், மீன் விற்பவர், துணி மூட்டை கட்டி வருபவர், நகரத்திலிருந்து வரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆகியோர் மிதிவண்டியிலேயே வந்தனர். 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும் 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் லயத்துத் திண்ணைகளை எட்டியதில் மிதிவண்டிக்கும் பங்கு உண்டு. தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. திண்ணையில் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட அக்காலத்தைப் பேசும்போது, தாளைச் சுமந்து வந்த காலையும் நினைத்தல் வேண்டும்.

சிறுவர் கற்ற முறை தனிச் சிறப்புடையது. பெரியவர்களுக்கான வண்டியின் இருக்கை அவர்களுக்கு எட்டாது. ஆகவே குறுக்குச் சட்டத்தின் அடியில் ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபுறம் சாய்த்து மிதித்தனர். இதற்குத் தமிழ் மக்கள் இட்ட பெயர் குரங்குப் பெடல். மிதியை முழுச் சுற்றுச் சுற்றாமல் பாதி வரை மிதித்துத் திரும்பக் கொணர்வது அரைப்பெடல். 2024இல் தமிழ்நாட்டில் வெளிவந்த ஒரு திரைப்படத்திற்குக் குரங்கு பெடல் என்றே பெயர் சூட்டப்பட்டது. அகராதியிற் காண அரிதான இத்தகைய சொற்கள் ஒரு தலைமுறையின் முழங்கால் தழும்புகளில் எழுதப்பட்டவை.

போர்க்காலம்

1941 திசம்பர் 8ஆம் நாள் சப்பானியப் படைகள் கோத்தா பாருவிலும் தென் சயாமின் கரைகளிலும் இறங்கின. திசம்பர் 11 முதல் 13 வரை கெடாவின் சித்ராவில் நடந்த போரில் பிரித்தானிய இந்தியப் படைகள் தோற்றுப் பின்வாங்கின. அலோர் ஸ்டார், குருண், சுங்கை பட்டாணி ஆகியவை அடுத்தடுத்து வீழ்ந்தன. திசம்பர்த் திங்களின் நடுப்பகுதியில் பின்வாங்கிய படைகள் கிரியான் ஆற்றையே அடுத்த அரணாகக் கொண்டன. பண்டார் பாருவின் எல்லையாகிய அவ்வாறும் நெடுநாள் அரணாக நிற்கவில்லை. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது.

அப்படையெடுப்பின் விரைவுக்குக் காரணமான கருவிகளுள் மிதிவண்டியும் ஒன்று. ஒவ்வொரு சப்பானியப் படைப்பிரிவிலும் ஏறத்தாழ 6,000 மிதிவண்டிகள் இருந்தன என்று அப்படையெடுப்பைத் திட்டமிட்டோருள் ஒருவரான மசனோபு சுசி எழுதியுள்ளார். பாலங்கள் தகர்க்கப்பட்ட இடங்களில் வீரர்கள் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தனர். வெப்பத்தால் சக்கரங்கள் வெடித்தபோது, இரப்பரைக் கழற்றிவிட்டு வெறும் இரும்பு வளையத்தின்மேல் ஓட்டினர். இரவில் எழுந்த அவ்வோசையைக் கவச வண்டிகளின் ஓசை எனக் கருதி எதிர்ப்படையினர் அஞ்சியதும் உண்டு.

தொடர்ந்து வந்த மூன்றரை ஆண்டுகளில், இரப்பர் விளைந்த நாட்டிலேயே நல்ல மிதிவண்டிச் சக்கரம் கிடைக்காத நிலை உண்டாயிற்று. திண்ம இரப்பரையும் பழைய நீர்க்குழாய்களையும் வளையத்திற் சுற்றி ஓட்டினர். பல்லாயிரம் தோட்டத் தமிழர் சயாம் பர்மா இரயில் பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். அவர்களுக்காக வாயிலை நோக்கியிருந்த வீடுகளில், மிதிப்பார் இன்றி நின்ற வண்டிகளும் இருந்திருக்கும்.

மலையிலிருந்து இறங்கிய மிதி

போருக்குப் பிந்தைய பல்லாண்டுகளில் மோட்டார் சைக்கிள் மிதிவண்டியின் இடத்தைப் பெற்றது. கெடாவின் குருணிலேயே மொடெனாஸ் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 1990களில் எழுந்தது. மிதிவண்டி தேவையின் ஊர்தி என்ற நிலையிலிருந்து விளையாட்டின் ஊர்தி என்ற நிலைக்கு நகர்ந்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மெரின் வட்டாரத்துத் தமல்பாய்சு மலையின் மண்பாதைகளில், 1970களில் இளைஞர் சிலர் பழைய தடித்த சக்கர வண்டிகளில் விரைந்து இறங்கினர். சார்லி கெல்லி, கேரி பிசர், ஜோ பிரீசு ஆகியோர் அவர்களுட் சிலர். 1970களின் இறுதியில் அப்பாதைகளுக்கென்றே சட்டங்கள் செய்யப்பட்டன. 1981இல் மலை மிதிவண்டி பெருமளவில் விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் சிறுவர் ஓட்டிய சிறுசக்கரப் போட்டி வண்டிகளில் அகன்ற, பற்கள் மிகுந்த மிதிகள் வழக்கத்திற்கு வந்தன. எலிப்பொறியினும் பெரியவை ஆதலின் அவற்றைக் கரடிப்பொறி என்றனர்.

1984இல் பிரான்சு நாட்டின் லுக் நிறுவனம் பனிச்சறுக்குக் காலணியின் பூட்டைப் பின்பற்றிக் காலணியோடு பூட்டிக்கொள்ளும் மிதியை வெளியிட்டது. மறு ஆண்டு பெர்னார் ஈனோ அதனைக் கொண்டே பிரான்சுச் சுற்றுப்போட்டியில் வென்றார். 1990இல் சிமானோ நிறுவனம் மலை மிதிவண்டிக்கான பூட்டு மிதியைக் கொணர்ந்தது. தட்டை மிதியின் காலம் முடிந்தது என்று பலரும் கருதினர். ஆயினும் அது முடியவில்லை. செங்குத்தான இறக்கத்தில், ஈரமான வேரும் கல்லும் நிறைந்த பாதையில், காலை உடனே எடுத்து ஊன்றும் உரிமையை ஓட்டுநர் பலர் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. பாற்கலம் சுமந்தவர் கண்ட காரணமே மலையில் இறங்குபவர்க்கும் காரணமாயிற்று.

வடிவங்களின் ஒப்பீடு

இன்றைய தட்டை மிதி பெயரளவில் மட்டுமே தட்டையானது. அலுமினியத்தாலோ நைலானாலோ ஆன அதன் உடல் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் அகலமுடையது. ஒவ்வொரு முகத்திலும் சிறு முளைகள் நிற்கின்றன. வடிவத்தை நோக்கின், மூவகைகளைக் காணலாம்.

குழிந்த மிதியில் முன் விளிம்பும் பின் விளிம்பும் நடுப்பகுதியினும் சில மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். பாதம் அதில் சற்றே அமர்ந்துகொள்கிறது. குண்டும் குழியுமான இறக்கத்தில் குதிகாலைத் தாழ்த்தி நிற்கும்போது, முன்னே வழுகிச் செல்லாதவாறு விளிம்பு தாங்குகிறது. புடைத்த மிதியில், அச்சு செல்லும் நடுப்பகுதி தடித்திருக்கும். அதன்மேல் பாதம் படகுபோல் முன்னும் பின்னும் ஆடும். மெல்லிய அடியுடைய காலணியாயின் நடுமேடு உறுத்தும். முற்றிலும் சமமான மிதி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. பாதத்தை விரும்பியவாறு நகர்த்த இடம் தரும். கவ்வும் ஆற்றல் முளைகளையே சார்ந்திருக்கும்.

தடிப்பும் கருதத்தக்கது. அச்சின் மையத்திலிருந்து பாதம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அவ்வளவு எளிதாக மிதி புரளும். ஆகவே மெல்லிய மிதியில் பாதம் உறுதியாக நிற்கிறது. தரையிலுள்ள கல்லிலும் வேரிலும் மிதி இடிபடுவது குறைகிறது. ஆனால் மிக மெல்லியதாக்கினால் உள்ளிருக்கும் தாங்கிகள் சிறுத்து, விரைவில் தேயக்கூடும். அகலம் மிகுந்தால் காலுக்குத் தாங்கல் கூடும். வளைவிற் சாயும்போது தரையில் உரசும் அச்சமும் கூடும். முளை நீண்டால் பிடிப்பு மிகும். கால் தவறினால் முழந்தாளுக்குக் கீழே ஆழ்ந்த காயமும் மிகும். ஒன்றைப் பெற ஒன்றை இழத்தல் என்னும் உலகியல் இச்சிறு கட்டையிலும் காணப்படுகிறது.

இவ்வளவைகளைக் கொண்டே பழைய இரப்பர்க் கட்டையையும் அளக்கலாம். அது தடித்தது, ஆகவே புரளக்கூடியது. முளையற்றது, ஆகவே ஈரத்தில் வழுக்கக்கூடியது. இன்றைய அளவுகோலின்படி அது குறையுடையது. ஆனால் இன்றைய முளை மிதியை அன்றைய வெறுங்காலுக்குக் கொடுத்திருந்தால் அது எலிப்பொறியினும் கொடியதாகியிருக்கும். நல்ல மிதி எது என்ற வினாவுக்கு, எந்தக் காலுக்கு என்ற எதிர்வினா இன்றி விடை கூற இயலாது.

முளை மிதிக்கு ஏற்ற காலணியின் அடி, மென்மையும் ஒட்டும் தன்மையும் கொண்ட இரப்பரால் ஆனது. மலையேறுவோர்க்கென 1980களில் அமெரிக்காவில் உருவான அவ்விரப்பர் வகை பின்னர் மிதிவண்டிக் காலணிக்கும் வந்தது. முளை அவ்விரப்பரிற் சற்றே புதைந்து கவ்விக்கொள்கிறது. முன்னாளில் இரப்பர் மிதியில் இருந்தது. கால் வெறுமையாக இருந்தது. இந்நாளில் இரப்பர் காலில் இருக்கிறது. மிதி வெறும் உலோகமாக இருக்கிறது. இடம் மாறியதேயன்றிப் பாதத்திற்கும் இரும்பிற்கும் இடையே இரப்பர் நிற்கும் நிலை மாறவில்லை.

பெண்களின் பாதம்

மிதியின் வரலாற்றில் தமிழ்ப் பெண்களுக்கு உரிய பக்கம் ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களைத் தூண்டியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் சீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்லுடைக்கும் பெண்களும் உழவுத் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றனர். ஆண்கள் வண்டியின் குறுக்குச் சட்டத்தில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் அவ்வண்டியையே விரும்பியவர் பலர் என்று இதழாளர் பி. சாய்நாத் பதிந்துள்ளார். பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் அவர்களுடைய சொந்த நேரமாயிற்று. பாதம் மிதியின்மேல் ஏறியபோது பிறரை எதிர்நோக்கும் நிலை இறங்கியது.

பதிவு செய்ய வேண்டியவை

இன்று மலேசியாவின் செம்பனைத் தோட்டப் பாதைகளிலும் கம்பத்துச் சாலைகளிலும் விடுமுறை நாள்களில் மலை மிதிவண்டி ஓட்டிகள் கூட்டமாகச் செல்வது வழக்கமாகிவிட்டது. முளை மிதியும் ஒட்டும் காலணியும் அணிந்து அவர்கள் செல்லும் பாதைகளுட் சில, முன்னாளில் பாற்கலம் சுமந்தவர்கள் சென்ற பாதைகளே. மரங்கள் மாறின, லயங்கள் வெறுமையாயின, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. பாதையின் மேடு பள்ளம் மட்டும் பழையபடியே இருக்கிறது.

அருங்காட்சியகத்தில் மிதிவண்டியை வைத்தால் அதன் பெயரும் ஆண்டும் எழுதி வைக்கப்படும். அதன் மிதி ஏன் ஒரு புறம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று அத்தகடு கூறாது. அதைக் கூற வல்லவர்கள் இன்றும் வாழ்கின்றனர். ஆனால் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தம் பாட்டனாரையும் பாட்டியாரையும் அணுகி, எந்த வண்டி, எத்தகைய மிதி, எவ்வளவு தொலைவு, எதனைச் சுமந்து என்று கேட்டு எழுதி வருவார்களாயின், அது சிறந்த கட்டுரைப் பயிற்சியாகவும் வரலாற்றுத் தொண்டாகவும் அமையும். பிரட்டு, நிரை, மங்கு, காண்டா, ஒட்டுப்பால், குரங்குப் பெடல் ஆகிய சொற்களும் அவ்வழியே ஏட்டில் ஏறும். ஆசிரியர்கள் இதனை ஒரு வகுப்புப் பணியாகக் கொள்வது தகும்.

கடாரம் கொண்டவனின் புகழைக் கல்வெட்டு காத்தது. கடாரத்தில் உழைத்தவர்களின் வரலாறு, வீட்டுப் பின்புறத்தில் துருவேறி நிற்கும் வண்டிகளின் தேய்ந்த மிதிகளில் இருக்கிறது. துரு முழுவதையும் தின்னும் முன் அதனைப் படித்துவிடுதல் வேண்டும்.